தேன்பெட்டிக்குக் கழற்றிய கதவு

என் மாமியார் என்னோடு நேருக்கு நேர் பேசமாட்டார். கோபம் ஒன்றும் கிடையாது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் மாமியார்கள் மருமகனிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் மருமகன் வருடத்துக்கு இரண்டு தடவை வருவான், கறிச்சோறு சாப்பிடுவான், பஸ் ஏறிவிடுவான். பேசாமலே சமாளித்துவிடலாம். நானோ கல்லலுக்கு மேற்கே இருந்த அந்த வீட்டிலேயே குடியிருந்தவன். என் மனைவி ஒரே பிள்ளை. மாமனார் இல்லை. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கல்யாணம் முடிந்த கையோடு என்னை அங்கேயே இருத்திக்கொண்டார்கள்.

ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்கு மாமியார் ஒரு வழி வைத்திருந்தார். எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்வார். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் கன்றுக்குட்டியிடம் சொல்வார்.

"கண்ணு, மேலக்காட்டு வரப்பு ஒடைஞ்சு தண்ணி ஓடுதாம். பாக்க வேண்டியவுக பாத்தாத் தேவலை."

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். கன்றுக்குட்டி பாட்டுக்கு வைக்கோல் தின்னும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். படிப்புதான் நின்றதே தவிர பரீட்சைக்கு முந்தின நாள் வரும் பயம் நிற்கவில்லை. வாசல் கதவைத் தாழிட்டுப் படுத்த பிறகு இரண்டு தரம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். ஊரே என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். முதுகுக்குப் பின்னால் தாப்பா மாப்பிள்ளை என்று சொல்வதும் எனக்குத் தெரியும்.

அறுபத்தெட்டு அறுபத்தொன்பது வாக்கில், தேனீ வளர்ப்பு சொல்லிக் கொடுக்க ஒருவர் ஊருக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். பெட்டியின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. காரைக்குடிக் கடை ஒன்றில் காலியான தேயிலைப் பெட்டி வாங்கி, அறுத்து ஒட்டி, நானே ஒரு தேன்பெட்டி செய்தேன். ஆடி மாதம் ஈக்களைக் குடிவைத்தேன். ஐப்பசி மழையில் அந்த ஒட்டுப்பலகை அப்பளம் மாதிரி உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது. எங்கள் செம்மண்ணில் கரையானுக்குச் சொல்லவா வேண்டும்? கீழேயிருந்து அது ஒரு பக்கம் ஏறியது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டியில் ஓர் ஈ இல்லை.

அப்போது என் மனைவி இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். வெறும் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள் சொன்னாள்:

"வைகாசிக்குள்ள வேற பொட்டி செஞ்சிருங்க. புள்ளைக்குச் சேனை வைக்க நம்ம வீட்டுத் தேன்தான் வேணும். கடைத் தேன்ல பாதி வெல்லப்பாகு."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் நல்ல வாய், நல்ல மனசு உள்ள ஆளாகத் தேடுவார்கள். இப்போது டாக்டர்கள் ஒரு வயது வரை குழந்தைக்குத் தேனைக் காட்டவே கூடாது என்கிறார்கள். அன்றைக்கு அது தெரிந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. பக்கத்து வீட்டு அக்காள் அப்போதே எனக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ள, தேனு நீங்க எடுங்க. சேனை மட்டும் நீங்க வச்சிராதீக. புள்ள பொறந்த அன்னிக்கே எந்திரிச்சுப் போயித் தாப்பாளத் தொட்டுப் பாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மேலக்காட்டுப் பாழுங்கிணற்றுச் சுவரில், ஒரு பொந்துக்குள் ஈக்கூட்டம் ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தது அது ஒன்றுதான். மாசிக்குள் அதைப் பெட்டிக்கு மாற்றினால் பங்குனி சித்திரைப் பூவில் தேன் கட்டும், வைகாசிக்குக் கிடைக்கும். இதுவும் ஓடிப்போனால் அந்த வருடத்துக்குத் தேன் இல்லை. ஆக, இந்தத் தடவை பெட்டி தப்பக் கூடாது. மழைக்கு உப்பாத, வெயிலுக்கு விரியாத, கரையான் தொடாத, வாடை இல்லாத மரமாக வேண்டும்.

கோவிலூரில் ஓர் ஆசாரி இருந்தார். பெட்டி அளவு எழுதின தாளை அவரிடம் கொடுத்தேன்.

"இது என்னய்யா, கோழிக்கூண்டா?"

"தேனீக்குங்க."

"ஈக்கு வீடு கட்டுறதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்கீக? தேக்குல செஞ்சா உம்ம பேரன் காலத்துக்கும் கெடக்கும். முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்ப வேம்பு. கரையான் கிட்ட வராது. மூணு வருசம் காஞ்ச பலகை கெடக்கு, கொண்டு போங்க. பச்ச மரத்த மட்டும் வெட்டிராதீக. காயுறதுக்குள்ள உம்ம ஈயி காசிக்குப் போயிரும்."

நான்கு வேப்பம்பலகையைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழி வரை சந்தோஷம்தான். அதற்கப்புறம்தான் அந்த யோசனை வந்தது. வேம்பு கசக்குமே. ஈ அந்தச் சுவரைக் கடித்து, அதிலேயே மெழுகு ஒட்டி, அதற்குள்ளேதான் தேனை வைக்கிறது. கசப்பு ஏறிவிட்டால்? பிறந்த பிள்ளை நாக்கில் முதல் சொட்டே கசப்பு என்றால்? சைக்கிளை விட்டு இறங்கி, வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

கொட்டில் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்து, ஒரு பலகையின் ஓரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தியே நக்கினேன். கசந்த மாதிரியும் இருந்தது, மரத்தூள் மாதிரியும் இருந்தது.

"கண்ணு," என்று பின்னால் குரல் கேட்டது. மாமியார் கழுநீர்ப் பானையோடு நின்றுகொண்டிருந்தார். கன்றுக்குட்டியைத்தான் பார்த்தார். "பலகைய நக்குறது ஒன் சோலின்னுல்ல நெனச்சிருந்தேன்."

நான் பலகையைக் கீழே வைத்தேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. புள்ளைக்குக் கசந்தா என்ன பண்றது?" என்றேன்.

"கசக்காதுங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும், கசக்கும்னு?"

இந்த மாதிரிக் கேள்விதான் எனக்குள் ரொம்ப நாள் நிற்கும். வேப்பம்பலகையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு வேறு மரம் தேட ஆரம்பித்தேன். மாமரத்தை உளுப்பூச்சி தின்னும். கருவேலம் வெயிலில் வெடித்தது, ஆணியும் இறங்கவில்லை. பலாவுக்கு எங்கே போவது? கார்த்திகை போய் மார்கழியும் பாதி தாண்டியது. யார் வீட்டுக்குப் போனாலும் மனுசரைப் பார்ப்பதற்கு முன்னால் நிலையையும் உத்தரத்தையும் பார்த்தேன். திருக்கோஷ்டியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்திப் பெஞ்சைத் தட்டிப் பார்த்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அது பொய். தடவித்தான் பார்த்தேன்.

ஒரு நாள் காலை நான் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். மாமியார் பால் கறக்க வந்தார். கன்றை அவிழ்த்துவிட்டுக்கொண்டே அதனிடம் கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்தக் கதவு எத்தன வருசமா நிக்குது? நான் வாக்கப்பட்டு வந்த வருசம் போட்டது. சாணியும் மூத்திரமும் மழையும் படாத நாளு உண்டா? அடியில கரையான் ஏறி நீ பாத்திருக்கியா?"

கன்று மடியை முட்டியது. நான் நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். இரண்டரை வருடமாகத் தினம் நான்கு தடவை அந்தக் கதவைத் தள்ளித் திறக்கிறேன். ஒரு நாளும் அது என்ன மரம் என்று பார்த்ததில்லை. அகலமான மூன்று பலகை, கறுத்துப் போயிருந்தது. குனிந்து, ஈர மண்ணில் பட்டுக்கொண்டிருந்த அடி ஓரத்தைக் கத்தி முனையால் குத்தினேன். கத்தி இறங்கவில்லை. கொஞ்சம் சுரண்டியதும் உள்ளே செஞ்சிவப்பாக மினுங்கியது. பூவரசு.

மனைவியைக் கூப்பிட்டேன். மாமியார் ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார்.

"அத்தை இந்தக் கதவை எடுத்துக்கிரச் சொல்றாகளா, கேளு."

"ஏத்தா, எடுத்துக்கிரச் சொல்றியான்னு கேக்குறாக."

"நான் வேற என்னத்தச் சொன்னேனாம், இவ்வளவு நேரம்?" என்றார் மாமியார், பாலிலிருந்து கண் எடுக்காமல்.

"எடுத்துக்கிரச் சொல்றாக."

"கதவு இல்லாட்டிக் கன்னு வெளியில வந்துருமே, கேளு."

"வரட்டும். அதுக்கும் ஒரு நா ஊரு பாக்க ஆசை இருக்காதா?" என்றார் மாமியார்.

அன்றே கதவைக் கழற்றி ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஆசாரி இழைப்புளியைப் போட்டு இழுத்ததும் முப்பது வருடச் சாணி சுருள் சுருளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே இருந்த பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டா கோவிலூர் வரைக்கும் வந்தீக?" என்றார். பழைய கதவானதால் ஒரு பச்சைக் கிளையைக்கூட வெட்ட வேண்டி வரவில்லை. இருந்தாலும், அந்த மரத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஊருணிக் கரைப் பூவரசில் இரண்டு கொம்பு ஒடித்து வந்து கொட்டிலுக்குப் பின்னால் நட்டேன். நட்டு வைத்தால் சும்மாவே தழைக்கிற மரம் அது. அப்படியும் வாரத்துக்கு மூன்று தடவை போய்த் துளிர் வந்ததா என்று பார்த்தேன்.

சுவரில் சாத்தியிருந்த வேப்பம்பலகை நான்கும் கொட்டிலுக்குப் புதுக் கதவாயின. அதைப் போட்டு முடிக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் கன்று வீடு முழுக்கச் சுற்றியது. அடுப்படிக்குள் போய் உலை அரிசியைத் தின்றது. மாமியாருக்கு அதனால் வசதிதான். எங்கே இருந்தாலும் அதனிடம் சொல்ல, அதன் வழியாக எனக்குச் சொல்ல, ஆள் பக்கத்திலேயே இருந்தது.

பூவரசுப் பெட்டியைப் பத்து நாள் வெயிலில் காயவைத்தேன். சாணி வாடை இருக்கிறதா என்று தினம் உள்ளே தலையை விட்டு மோந்தேன். பழைய தேனடை மெழுகை உருக்கி உட்பக்கம் தடவினேன். மாசி மாதம் ஒரு சாயங்காலம், கிணற்றுப் பொந்திலிருந்து அடைகளை அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, ராணி ஈயைப் பார்த்து எடுத்து, எல்லாவற்றையும் பெட்டிக்குள் சேர்த்தேன். எறும்பு ஏறாமல் நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கொட்டாங்குச்சி வைத்தேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலை வெயில் ஏறும்போது பெட்டி வாசலில் ஓர் ஈ வந்து இறங்கியது. இரண்டு காலிலும் மஞ்சள் மகரந்த உருண்டை. அதன் பின்னால் இன்னொன்று. மகரந்தம் கொண்டுவந்தால் குஞ்சுக்கு ஊட்டுகிறது என்று அர்த்தம். குஞ்சு இருக்கிற வீட்டை விட்டு எந்த ஈயும் அவ்வளவு சுலபத்தில் போகாது. என் மனைவி பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். இருபது தாண்டியதும் நான் போய் நான்கு தோசை தின்றேன்.

சித்திரைக் கடைசியில் மேல்தட்டிலிருந்து இரண்டு அடையை அறுத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தேன். ஒரு பெரிய செம்பு நிறையத் தேன். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். முதலில் ருசி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் மனைவியிடம் கொடுத்தேன். "பெரியவுக இருக்காகல்ல," என்று அவள் தன் தாயாரிடம் நீட்டினாள்.

மாமியார் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முகம் லேசாகச் சுளித்தது. கண்ணைத் திறந்தார். கன்றுக்குட்டி பக்கத்தில்தான் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, கசக்குதே."

கசக்கிறது என்பதற்குப் பதறுவதா, மாப்பிள்ள என்று கூப்பிட்டதற்குப் பதறுவதா, எனக்குத் தெரியவில்லை. நானும் தொட்டு வைத்தேன். நல்ல இனிப்பு. அது இறங்கின பிறகு, தொண்டையின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு கசப்பு. அண்ணாந்து பார்த்தேன். கொட்டிலுக்கு மேலே, வரப்பு முழுக்க, ஊர் முழுக்க வேப்பமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"வேப்பம்பூ, அத்தை," என்றேன்.

"பலகைக்கு ரெண்டு மாசம் கோவிலூருக்கும் திருக்கோஷ்டியூருக்கும் அலைஞ்சீக. பூவுக்கு என்ன பலகை போடப் போறீக?" என்றவர், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். நிறுத்த முடியாமல் உரல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. நர்சம்மா துடைத்துக் கொடுத்ததும், யார் சேனை வைப்பது என்று பேச்சு எழுந்தது. பக்கத்து வீட்டு அக்காள் குளித்துப் புடவை மாற்றித் தயாராக வந்திருந்தாள். மாமியார் தேன் கிண்ணத்தை அவளைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வைங்க, மாப்பிள்ள."

"நானா? வேண்டாம் அத்தை. என் குணம் வந்துரும்."

"வரட்டுமே. ஒரு சொட்டுத் தேனுக்கு இம்புட்டுப் பாடுபட்டவுக கொணம் வந்தா என்ன கொறைஞ்சு போகுது? ஆட்டாம வைங்க."

சுண்டுவிரல் நுனியால் வைத்தேன். பிள்ளை முகத்தைச் சுளித்தது. என் உயிர் போயிற்று. அதற்குள் நாக்கை வெளியே நீட்டி இன்னொரு தரம் தேடியது.

அதற்கப்புறம் மாமியார் என்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தார். இடையில் நிறுத்தச் சொல்லிக் கன்றுக்குட்டியிடம் கேட்டுக்கொள்ளலாமா என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றியதுண்டு. பெட்டிக்குக் கூரைத் தகரத்தை மட்டும் இரண்டு தடவை மாற்றினேன்; பலகை அப்படியே இருக்கிறது. கொட்டிலுக்குப் பின்னால் நட்ட கொம்பு இரண்டும் நிழல் கொடுக்கிற மரமாகிவிட்டன.

மகள் இப்போது காரைக்குடியில் இருக்கிறாள். போன வாரம் அவள் வந்திருந்தபோது எல்லாருமாகக் கோயிலுக்குக் கிளம்பினோம். வீட்டைப் பூட்டி, தெருமுனை வரை வந்துவிட்டோம். அவள் நின்றாள். "இருங்கப்பா, இந்தா வந்துர்றேன்," என்று திரும்பி ஓடினாள். பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. இரண்டு தரம்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.