ரோசம்மாள் திருத்திய வாக்கியம்

போன வாரம் ஆம்பூரில் பஸ் நின்றபோது, பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ இங்கிலீஷ் இலக்கணம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அந்த ஊரில் ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். மெட்ரிகுலேஷன் தேறியவன் அங்கே நான் ஒருவன்தான். அந்தக் கர்வத்தில் பேனாவைக் காதில் செருகியபடியே சாப்பிடப் போவேன்.

தோலில் முடி உதிர ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் ஏசுதாஸ். ஒருமுறை அவர் இரண்டு நாள் வரவில்லை. தொட்டியில் கிடந்த தோலெல்லாம் ஊறிக் குழைந்துவிட்டது. மதராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போகவேண்டிய சரக்கு. என்ன நடந்தது என்று ஆளின் கைநாட்டோடு எழுதி அனுப்பச் சொன்னார்கள். வேண்டுமென்றே செய்திருந்தால் போலீஸ்.

நான் எழுதினேன்: 'ஹி லெஃப்ட் தி பிட்ஸ் சோ தட் தி ஸ்கின்ஸ் மைட் ஸ்பாயில்.' அவர் போனார், அதனால் தோல் கெட்டது என்று எழுதிவிட்டதாக நினைப்பு. 'மைட்' சேர்த்தது பணிவுக்காக!

ஏசுதாஸ் கட்டைவிரலில் மை தடவிவிட்டார். முற்றத்தில் தோல் உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி ரோசம்மாள் உள்ளே வந்து, சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள். காகிதத்தின் மேல் குனிந்து, உதடு அசையப் படித்தாள்.

"இன்னா எழுதிக்கிறீங்க ஐயா? தோலு கெட்டுப்போவணும்னே போனார்னு இருக்குதே."

"அதனால கெட்டுச்சுன்னுதாம்மா போட்டேன்."

"இல்லீங்க, கெடுக்கறதுக்காகன்னு ஆவுது. புள்ளைக்கு ஜன்னி கண்டுச்சு, அதான் போனாரு. 'பிகாஸ்' போட்டு அத எழுதுங்க. அப்புறம் 'தேர்ஃபோர்' போட்டு தோல எழுதுங்க."

சாயபு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எங்கம்மா படிச்சே?"

"வேலூர்ல, மிஷன் போர்டிங்ல. கல்யாணத்தோட நிறுத்திட்டாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் என் ஜன்னலுக்கு வெளியே, நான் உரக்கப் படித்த கடிதங்களையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் அவள் தோல் விரித்திருக்கிறாள்! வேறு காகிதம் எடுத்து, அவள் சொன்னபடியே எழுதினேன்.

'இனிமேல் கவனமாக இருக்கவும்' என்று மதராஸிலிருந்து ஒற்றை வரி பதில் வந்தது. குழந்தை பிழைத்தது. ஏசுதாஸ் தொட்டிக்குத் திரும்பினார். ரோசம்மாளை ஆபீஸ் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. சிக்கலான கடிதம் என்றால் மட்டும் முற்றத்துக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வருவேன்.

போன வாரம் பஸ்ஸை விட்டு இறங்கித் தேடிப் பார்த்தேன். கிடங்கு இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். பெட்டிக்கடைக்காரருக்குச் சாயபு பெயர் தெரிந்திருந்தது. ரோசம்மாளைப் பற்றிச் சொன்னேன்.

"இங்கிலீஷ் படிச்ச பொம்பளை இங்க தோலு காயப்போட்டாளா?" என்று சிரித்தார். "நல்லா சொன்னீங்க பெரியவரே."