சுண்ணாம்புத் தண்ணீரில் வைத்த முட்டைகள்

தை பிறந்தால் எங்கள் வீட்டுக் கோழிகள் போட்டி போட்டுக்கொண்டு முட்டையிடும். வைக்கோல் போருக்கு அடியில் ஒன்று, விறகு அடுக்கிய மூலையில் ஒன்று, என் கணவரின் காலி பெயின்ட் வாளிக்குள் ஒன்று என்று ஆளுக்கு ஓர் இடம் பிடித்து உட்காரும். காலையில் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கூடை கனக்கும். அடைக்கு வைத்தது, நாங்கள் தின்றது, கேட்டவர்களுக்குக் கொடுத்தது எல்லாம் போக மிச்சம் நிற்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் அதே கோழிகள் இறகை உதிர்த்துவிட்டுக் கூரையோரம் ஒடுங்கி நிற்கும். அப்போது ஒரு முட்டைக்கும் வழியிருக்காது.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கணவர் பெயின்டர். அவருடைய அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அடுப்பு வேறு, ஃபிரிட்ஜ் பொது. அதில் முட்டைகளை அடுக்கினால் என் ஓரகத்திக்குப் பிடிக்காது.

"இட்லி மாவு வைக்கவே எடம் இல்ல, இதுல கோழிப்பண்ணைய வேற கொண்டாந்து வெச்சிருக்கா" என்பாள். என்னைவிட மூத்தவள். வாயும் என்னைவிடப் பெரியது.

ஒருநாள் போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு தேசத்துப் பெண், போன வருடத் தேதி ஒட்டிய பெரிய கண்ணாடி ஜாடியில், வெள்ளைத் தண்ணீருக்குள்ளிருந்து முட்டையை எடுத்து உடைத்துக் காட்டினாள். அவள் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்ததுமே அது சுண்ணாம்பு என்று தெரிந்துவிட்டது. பெயின்டர் பெண்டாட்டிக்குச் சுண்ணாம்பைத் தெரியாதா?

கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "செவுத்துக்கு அடிக்கிறது வேணாம். அதுல நீலம், பசைன்னு இன்னா இன்னாவோ கலப்பாங்க. நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பா வாங்கியாறேன்" என்றார். வாங்கி வந்து அவரே பக்குவமாகத் தண்ணீர் விட்டு நீற்றி ஆறவைத்துக் கொடுத்தார். ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியில் அதைக் கரைத்து ஊற்றினேன். முட்டைகளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினேன்.

சித்திரை வெயிலில் ஜாடியைத் திறந்தபோது வீடே நாறியது. ஓரகத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். அங்கே நின்று, "வூடா இது, இன்னாடி எழவு இது!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு வயல்பக்கம் போனேன். அப்படியே கொட்டிவிட மனம் வரவில்லை. குழி தோண்டி, ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் கறுத்துக் குழம்பிக் கிடந்தன. ஆனால் மேல் வரிசையில் இருந்த சில முட்டைகள் நன்றாக இருந்தன. மஞ்சள் கரு உடையாமல், எந்த நாற்றமும் இல்லாமல். அது எப்படி? குழியருகே உட்கார்ந்து யோசித்தேன். கடைசியாக ஜாடியில் போட்டவற்றைக் கழுவ எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்று நடவுக்குப் போகும் அவசரத்தில் கூடையிலிருந்து அப்படியே போட்டிருந்தேன். நன்றாக இருந்தவை அவைதான். கோழி தன் முட்டைமேல் ஏதோ ஒரு காப்பைப் பூசித்தான் அனுப்புகிறது, நான்தான் அதைத் தேய்த்து எடுத்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை போய்விட்டிருந்தது.

அடுத்த தையில் மறுபடியும் தொடங்கினேன். அன்றன்று இட்ட முட்டை மட்டும். எச்சம் பட்டிருந்தால் அது அன்றைய குழம்புக்கு. போன் டார்ச்சை அடியில் பிடித்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். கழுவுவதே கிடையாது. கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே சுண்ணாம்புத் தண்ணீர் நன்றாக மூடி நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். ஜாடியைச் சாமி அறைக்குப் பின்னால் இருட்டில் வைத்தேன். ஓரகத்தி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அந்த வருடம் மழைக்கு முன்பே தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. காலையில் தீனி தின்ற கோழி சாயங்காலம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு விழுந்தது. எங்களுடையதில் ஒரு கருப்புப் பெட்டையும் இரண்டு குஞ்சுகளும்தான் மிஞ்சின. கூடையை எடுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனாருக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. எங்கள் மாமியார் இப்போது இல்லை. அதனால் ஓரகத்தியும் நானும்தான் அவளுக்குத் தாய்வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வெளுத்துப்போய் இருந்தாள். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "நாட்டுக்கோழி முட்டைய நல்லெண்ணெயில மெளகு போட்டுச் செஞ்சி குடுங்க அண்ணி, அதுன்னா சாப்டுறேன்" என்றாள்.

ஊரில் எங்கே இருக்கிறது நாட்டுக்கோழி? கணவர் பாகூர் முழுக்கச் சுற்றிவிட்டு, வில்லியனூர் வரை போய் ஒரு கவர் நிறைய வாங்கி வந்தார். எனக்குப் பார்த்ததுமே சந்தேகம். ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்தேன். பழுப்பு நிறம் துணியில் இறங்கி, உள்ளே வெள்ளை முட்டை பல்லிளித்தது. யாரோ டீத்தூள் சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள்.

நான் எழுந்து ஜாடியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

"அடியே, பச்சை ஒடம்புக்காரிடி. அந்தச் சுண்ணாம்புல கெடந்ததையா குடுக்கப் போற?" என்று ஓரகத்தி குறுக்கே வந்து நின்றாள். பயத்தில்தான் சொன்னாள். அவள் பயம் எனக்கும் இருந்தது.

"மொதல்ல நாங்க சாப்டுறோம் அக்கா. நாளைக்கி எங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறம் குடுக்கலாம்."

நீண்ட கரண்டியால் ஒன்றை எடுத்துக் கழுவி, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். கெட்டிருந்தால் மிதந்திருக்கும்; இது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தட்டில் உடைத்தேன். வெள்ளைக் கரு கொஞ்சம் நீர்த்திருந்தது, அவ்வளவுதான். மஞ்சள் கரு எலுமிச்சம்பழம் போல நின்றது. ஓரகத்தி குனிந்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். வழியை விட்டு நகர்ந்து நின்றாள்.

அன்று நானும் கணவரும் தின்றோம். வேகவைக்கப் போட்ட ஒன்று தண்ணீரில் டப்பென்று வெடித்தது. ஓட்டின் பொடித் துளைகளையெல்லாம் சுண்ணாம்பு அடைத்துவிட்டதால் உள்ளிருக்கும் காற்றுக்கு வழியில்லை என்று யூகித்து, அடுத்ததன் அகன்ற பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டேன். அது முழுசாக வெந்தது. கணவர் உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு, "இன்னிக்கி போட்ட முட்டை மாதிரியே கீது" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து நடமாடுவதைப் பார்த்த ஓரகத்தி, தானே பூண்டை உரித்தாள், மிளகைத் தட்டினாள். "நீ முட்டைய எடு, நான் செய்யிறேன்" என்றாள். நல்லெண்ணெயில் முட்டை நன்றாக வெந்து பொரிந்த வாசனை அறைக்குள் போனதும் நாத்தனார் குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் இருக்குதா அண்ணி?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அது.

மழைக்காலம் முழுவதும் தினமும் அவளுக்கு ஜாடி முட்டை. மழையில் கரன்ட் போய், தெருவில் இருந்த ஃபிரிட்ஜ் எல்லாம் வெறும் அலமாரியாக நின்ற நாட்களிலும் எங்கள் ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாத்தனார் கன்னத்தில் ரத்தம் ஏறியது. குழந்தைக்குப் பால் குறையவில்லை.

பிள்ளையையும் தாயையும் அழைத்துப்போக நாத்தனாரின் மாமியார் வீட்டிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். மருமகளைப் பார்த்த அந்த அம்மா, "இன்னா குடுத்தீங்க, பொண்ணு இப்பிடித் தேறிக்கீது!" என்று வியந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"எங்க வூட்டு நாட்டுக்கோழி முட்டைங்க. தையில எடுத்து வெச்சது. கெட்டே போவாது. இந்தப் பக்கத்துல இது வேற யாருக்கும் தெரியாது. இவதான் கண்டுபுடிச்சா."

நான் கண்டுபிடிக்கவில்லை, வீடியோவில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குழியருகே உட்கார்ந்து கண்டதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லையே! வந்தவர்கள் எல்லாரும் ஜாடியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து முன்னே நடந்தேன்.