போகிக்குப் போன கூடை

வேதவல்லி தன் கணவரின் பெயரை இருபத்திரண்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. திருவல்லிக்கேணியில் பிறந்து, பத்தொன்பது வயதில் மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆம்படையான் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் வந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் பெண் ஹம்சினியின் முகத்தைப் பார்ப்பாள். பெண் கூட வராத நாளில், "திருச்சி பக்கத்துல, காவேரிக்கு நடுவுல ஒரு பெரிய கோவில் இருக்கோன்னோ, அந்த ஊர்" என்று கடைக்காரருக்குப் பூகோளப் பாடம் நடத்துவாள்.

வீட்டு வேலைக்கு வரும் வேலம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடியும் முன்னே கிளம்பி வருகிறவள் அவள்.

"சொன்னா இன்னாம்மா ஆயிடும்? நாக்கு அழுவிப்பூடுமா? நானுந்தான் டெய்லி என் புருசனைக் கபாலி கபாலின்னு கத்திக்கினு கீறேன். அந்தாளு கல்லாட்டம் கீறான்" என்பாள்.

"உனக்கு வாய் ஜாஸ்தி. பாத்திரத்தைத் தேய்" என்பாள் வேதவல்லி. ஆனால் சிரித்துவிடுவாள்.

வேதவல்லி சொல்லாத அந்தப் பெயருக்கு உரியவர் ஸ்ரீரங்கன், ஒரு கல்லூரியில் நூலகர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கை நீட்டியதில்லை, குரலைக்கூட அதிகம் உயர்த்தியதில்லை. ஆனால் வீட்டையும் நூலகமாகவே நினைத்துக்கொண்டிருந்தார். சீப்புக்கு ஓர் இடம், கத்தரிக்கோலுக்கு ஓர் இடம். இடம் மாறினால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் கன்னத்தில் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று வேதவல்லிக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் பவுடர் வந்து சேர்ந்தது. கறுப்புப் பூனை, முகத்தில் மட்டும் பவுடர் அப்பினாற்போல் வெள்ளை. ஹம்சினி வைத்த பெயர். ஒருநாள் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த ஸ்ரீரங்கனின் மடி வேஷ்டியை இழுத்துக் கீழே போட்டு, அதன்மேல் சுருண்டு தூங்கிவிட்டது. சரிகைக்கரை வேஷ்டி, மாமனார் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. அவர் அதைத் திரும்பக் கட்டவே இல்லை. மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார். அடுத்த மாதம் பவுடர் நாலு குட்டி போட்டபோது, எல்லாரும் தூங்கும் மத்தியான வேளையில் குட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார். மூன்று நாள் பவுடர் வீடு முழுக்கக் கத்திக்கொண்டே திரிந்தது. ஹம்சினி அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. வேதவல்லி பேசினாள், சாதம் போட்டாள், எல்லாம் செய்தாள். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று ஆறவே இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஒளித்தாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜனவரி தொடக்கத்தில் பவுடர் மறுபடி மூன்று குட்டி போட்டது. மாடிப்படிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கூடை கிடந்தது. கல்யாணத்துக்குச் சீர் பட்சணம் வந்த கூடை, மூடியோடு. அதில் பழந்துணி போட்டுக் குட்டிகளை வைத்தாள். தெருவில் ஒரு கடுவன் பூனை அலைந்துகொண்டிருந்தது; குட்டி கிடைத்தால் கடித்துப் போட்டுவிடும். ஆகவே பவுடர் வெளியே போகும்போதெல்லாம் மூடியைப் புடவைக் கிழிசலால் இறுகக் கட்டிவிடுவாள். அவளும் பெண்ணும் வேலம்மாவும் மட்டும் அறிந்த ரகசியம் அது. பத்து நாள் ஓடிவிட்டது.

போகிக்கு முதல் நாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டே ஸ்ரீரங்கன் சொன்னார்: "மாடிப்படிக்கு அடியில இருக்கற குப்பையெல்லாம் நாளைக்கு நெருப்புக்குப் போயிடணும். வேலம்மாகிட்டே சொல்லிடு."

"சரின்னா" என்றாள். கண் மாடிப்படிப் பக்கம் போயிற்று. ஆனால் கொண்டுபோவது வேலம்மாதானே? வருஷா வருஷம் அப்படித்தான். கூடையைத் தொடாமல் மற்றதை எடுத்துப் போகும்படி வேலம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பவுடரை வெளியே விட்டாள். மூடியைக் கட்டினாள், வழக்கம்போல் இரண்டு முடிச்சு. போளிக்குக் கடலைப்பருப்பை வேகப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, மடிப்புடவை சுற்றிக்கொண்டு, ஈரக்கூந்தலில் துண்டோடு வெளியே வந்தபோது பவுடர் படிக்கட்டின் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த கத்தல். போன வருஷம் மூன்று நாள் கேட்டது.

குனிந்து பார்த்தாள். படிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பாய் இல்லை, முறம் இல்லை, கூடை இல்லை. தரையைப் பெருக்கிக்கூட வைத்திருந்தது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. வேலம்மா இன்னும் வரவில்லை. அவள் பேட்டையிலும் போகிதானே. காத்திருந்து பார்த்துவிட்டு மனுஷர் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு துரும்பை எடுத்துப் போடாதவருக்கு இன்றைக்குப் பார்த்துக் கை சுறுசுறுத்துவிட்டது!

வேதவல்லி ஓடினாள். மடியோடு, ஈரத்தலையோடு, செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். வாசல் கோலத்தை மிதித்ததுகூடத் தெரியவில்லை. எதிரே வேலம்மா வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது கோலம்?"

"கூடை... அவர் எடுத்துண்டு போயிட்டார்டீ!"

வேலம்மா கையிலிருந்த பையை அங்கேயே போட்டுவிட்டுக் கூட ஓடினாள்.

பனியும் புகையும் கலந்து தெரு முனை தெரியவில்லை. குளத்துச் சுவர் ஓரமாக நெருப்பு ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ பழைய டயர் போட்டிருந்தார்கள், கண் கரித்தது. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் போகி மேளத்தை வெறிபிடித்தாற்போல் அடித்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பைச் சுற்றிலும் ஆண்கள், எல்லார் இடுப்பிலும் வெள்ளை வேஷ்டி. அவர்களுக்கு நடுவே, நெருப்புக்கு நாலடி தூரத்தில், தன் வீட்டு முதுகை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பாயைப் போட்டாயிற்று. முறத்தைப் போட்டாயிற்று. கூடை காலடியில் இருந்தது.

"ஏன்னா!" என்று கத்தினாள். "ஏன்னா! நில்லுங்கோ!"

மூன்று பேர் திரும்பினார்கள். முதல் வீட்டு மாமா திரும்பினார். பிள்ளையார் கோவில் அர்ச்சகர் திரும்பினார். எண்பது வயசுக் கிழவர் ஒருவரும் ஆசையாகத் திரும்பினார். மயிலாப்பூரில் ஏன்னா என்று கூப்பிட்டால் யார்தான் திரும்பமாட்டார்கள்? திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை.

"சாரே! யோவ் சாரே!" என்று வேலம்மா தொண்டை கிழியக் கத்தினாள். மேளம் அதையும் விழுங்கிவிட்டது.

ஸ்ரீரங்கன் குனிந்து கூடையைத் தூக்கினார். இருபுறமும் பிடித்து, வீசுவதற்காகப் பின்னுக்கு இழுத்தார். நடுவில் இன்னும் முப்பதடி இருந்தது. ஓடி எட்ட முடியாது. வேதவல்லிக்கு அது உடம்பெல்லாம் தெரிந்தது.

"ஸ்ரீரங்கா!"

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியாது. அடிவயிற்றிலிருந்து வந்தது. மரியாதை விகுதிகூட இல்லாமல், பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

அவர் கை அப்படியே நின்றது. அம்மா போய் எட்டு வருஷமாக அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மெல்லத் திரும்பினார். கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு, தொலைந்துபோன பிள்ளையைப் போல் கூட்டத்தில் தேடினார்.

அதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடையைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். முடிச்சு அவிழவில்லை. தானே போட்ட முடிச்சு! வேலம்மா உட்கார்ந்து பல்லால் கடித்து இழுத்தாள். மூடி திறந்தது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. ஒன்று வாயைத் திறந்து, சத்தமே வராமல் கத்தியது. இன்னொன்று தும்மியது.

மேளம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீரங்கன் கூடைக்குள் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். அப்புறம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது கூடையை அவர்தான் சுமந்தார். அவர் முன்னால், பெண்கள் இரண்டு பேரும் பின்னால். தெருவே பார்த்தது. வேலம்மா மெதுவாக வேதவல்லியின் காதருகே வந்தாள்.

"இன்னாம்மா, நாக்கு கீதா?"

வேதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

வீட்டில் பவுடர் பாய்ந்து வந்து கூடைக்குள் இறங்கியது. ஒவ்வொரு குட்டியாக நக்கியது. பருப்பு அடிப்பிடித்த வாசனை சமையலறையிலிருந்து வந்தது. வேலம்மா அடுப்பை அணைக்க ஓடினாள். ஹம்சினி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, கூடையையும் அப்பாவையும் பார்த்து வெலவெலத்து நின்றாள். அந்த முகத்தை ஸ்ரீரங்கன் பார்த்தார். மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வேதா."

அவள் கூடையிலிருந்த பழந்துணியைச் சரிசெய்தாள்.

"என்னைக் கண்டா அவ்வளவு பயமா?"

இருபத்திரண்டு வருஷமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லேன்னா. அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயம்தானே ஒளிக்கச் சொன்னது? அந்தப் பயம்தானே இரண்டு முடிச்சு போட்டு இறுகக் கட்டி நெருப்பு வரை அனுப்பியது?

"ஆமாம்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தச் சரிகைக்கரை வேஷ்டி இருந்தது. அதை நாலாக மடித்துக் கூடையின் பக்கத்தில் விரித்தார்.

"மூடியைக் கட்டாதே. கடுவன் வந்தா நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பவுடர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வி எடுத்துக்கொண்டு வந்து, வேஷ்டியின்மேல் வைத்தது.