பூட்டு விழுந்த கோப்புறை

லேப்டாப்பால் அடித்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குச் சொன்னது என் தங்கை.

"தட்டையா வுழுந்தா ஒண்ணும் இல்லக்கா. விளிம்பு வுழுந்தாதான் எலும்புக்குள்ள போவுது."

சொல்லிக்கொண்டே இடது தோளெலும்பைத் தொட்டுக் காட்டினாள், வெண்டைக்காய் முற்றலா என்று பார்க்கிற விரலோடு. ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் பூசைக்குப் போகிறேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், கோயிலுக்குப் போகாமல் கடலோரக் குருசுக்குப்பத்தில் என் மாடி வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு மளிகைப் பை. பைக்குள் துண்டில் சுற்றி அந்த லேப்டாப்.

இரண்டு வருடமாக, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவள் தன் உடம்பைப் படம் எடுத்து அதில் போட்டு வைத்திருந்தாள். போனில் வைத்தால் அவன் பார்த்துவிடுவான். அவன்மேல் வழக்குப் போட, மறுநாள் திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம் அந்தப் படங்களைக் கொடுக்க வேண்டும். படம் இல்லையென்றால் அவள் சொல்லுக்கு எதிரே அவன் சொல், அவ்வளவுதான். அவன் சொல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும்.

அவன் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் அவன்தான். முதல் ஆளாகத் தன்னைப் பதிந்துகொண்டான். இரண்டாம் ஆளாக அவளை, தன் பெயரையே முன்னால் ஒட்டிப் பதிந்தான். படங்கள் இருந்த கோப்புறையைக் கண்டுபிடித்தபோது அதை அவன் அழிக்கவில்லை. தன் இடத்துக்குள் இழுத்துப் போட்டு, தன்னைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி அனுமதியை மாற்றிவிட்டான். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் கோப்புறை தெரியும். அதன் மூலையில் சின்னதாக ஒரு பூட்டு தெரியும். திறக்காது.

"ஏன் அழிக்கல?"

"அழிச்சா பயந்துட்டான்னு ஆயிடுமில்ல. தெனம் நான் அந்தப் பூட்டப் பாக்கணும். அதான் அவனுக்கு வேணும்."

வியாழக்கிழமை அவள் அவனுடைய கடவுச்சொல் இதுவாக இருக்குமா, அதுவாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றிருக்கிறான். மடியிலிருந்ததைப் பிடுங்கி, அதாலேயே அடித்தான். அடித்த அடியில் கீல் உடைந்தது, திரை பாதி நொறுங்கியது, அப்புறம் லேப்டாப் எழவே இல்லை. செத்துப்போச்சு என்று அவனே பரண்மேல் எறிந்துவிட்டான். எறிந்ததால்தான் அவளால் எடுத்துவர முடிந்தது.

எனக்கு லினக்ஸ் அரைகுறையாகத் தெரியும். எங்கள் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பாட்டில் மூடி செய்கிறார்கள். லேபிள் அச்சடிக்கும் இயந்திரத்தின் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடும். அது படுத்துக்கொள்ளும்போதெல்லாம் பென்டிரைவைச் செருகி மறுபடி இன்ஸ்டால் செய்வது என் தலையில் விழுந்த வேலை. அந்தப் பென்டிரைவ் என் கைப்பையில் இருந்தது. உடைந்த திரைக்குப் பதிலாக லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். தனியாக ஒரு கீபோர்டையும் மாட்டினேன். விளக்கு எரிந்தது, உள்ளே இருந்த லினக்ஸ்தான் எழவில்லை.

பென்டிரைவிலிருந்து லினக்ஸ் எழுந்தது. உள்ளே போய்த் தேடினேன். கோப்புறை இருந்தது. முப்பத்திரண்டு அங்குல டிவியில் பூட்டும் பெரிதாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. தட்டினேன். திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. மறுபடி தட்டினேன். அனுமதி இல்லை. ஓங்கி மேசையைக் குத்தினேன், டம்ளர் உருண்டு உடைந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கை முந்திக்கொள்ளும். அப்பா மில்லில் இருந்தபோது பாவு நூல் அறுந்தால் தறியை உதைப்பாராம். தறி கிடைக்காத நாளில் எங்களை.

"ஒடைக்காதக்கா, கண்ணாடி கால்ல குத்தும்" என்றாள் தங்கை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு.

புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் வழி என்று முடிவு செய்தேன். டிஸ்க் இரண்டு துண்டாக இருந்தது. சின்னத் துண்டில் லினக்ஸ், பெரிய துண்டில் கோப்புகள். சின்னதை மட்டும் அழித்து எழுத வேண்டும். பெரியதில் கை பட்டால் இரண்டு வருடக் காயமும் ஒரே நொடியில் ஆறிவிடும், தழும்பே இல்லாமல். 'அழி' என்ற சின்னக் கட்டத்தில் டிக் போடும்போது தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னதுதானே?"

"சின்னதுதான்."

"திருப்பிப் பாரு."

பார்த்தேன். பட்டனை அழுத்தினேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. இருபது சதவீதம். முப்பது. நாற்பத்தொன்றில் கதவு அதிர்ந்தது.

"அக்கா, கதவத் தொறங்க. இது எங்க குடும்ப விஷயம்."

பூசை முடிந்தும் அவள் வராததால் பரணைப் பார்த்திருக்கிறான். குரல் மரியாதையாக இருந்தது. கால் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. மரியாதையும் உதையுமாகக் கொஞ்ச நேரம். அப்புறம் சத்தமில்லை. போய்விட்டான் என்று நான் மூச்சுவிட்ட நொடியில் மின்விசிறி நின்றது, டிவி கறுத்தது, லேப்டாப்பின் விளக்கு அணைந்தது. பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. கீழே போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டான்.

அப்போது நான் செய்தது தப்பு. கதவைத் திறந்தேன்.

படியேறி வந்துகொண்டிருந்தவன் என்னைத் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்தான். நான் கதவைச் சாத்தினேன், அவன் எதிர்ப்பக்கம் தள்ளினான், என் மோதிரவிரல் கீல் பக்கத்தில் மாட்டி நசுங்கியது. வலி வரவில்லை, வெப்பம் வந்தது. இன்னொரு கையில் என்ன வந்தது என்று தெரியாமல் இழுத்து வீசினேன். கீபோர்டு. அவன் காதில் விழுந்தது. இன்னொரு முறை. பொத்தான்கள் பல்லைப் போலச் சிதறின. அவன் சிரித்தான்.

"உங்க குடும்பமே அடிக்கிற குடும்பம்தான்க்கா. தங்கச்சியக் கேளுங்க."

அந்த வாக்கியம் எனக்கு அப்போது புரியவில்லை.

கீழே இருந்து ஒரு குரல் மேலேறி வந்தது. கீழ்வீட்டில் இருப்பவள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். விற்காத மீனை வைக்க ஒரு ஃப்ரீசர் வைத்திருக்கிறாள். அதுவும் எங்கள் ஃபியூஸில்தான் ஓடுகிறது.

"யார்றா அவன், ஃபியூஸ் கட்டையப் புடுங்கினது? உள்ள பத்து கிலோ சங்கரா இருக்குதுடா."

"நீ இதுல தலையிடாத" என்றான் அவன்.

"நான் இன்னாத்துக்குத் தலையிடறேன். என் மீனுல ஐஸ் உருவுது, அதுக்கு வந்திருக்கேன். கட்டையக் குடு."

"எங்க தாத்தா யாருன்னு தெரியுமா உனக்கு?"

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கியவர், ஊர்ப்பேச்சில் சொல்தா, அவன் தாத்தா. அதை அவன் எங்கும் சொல்வான்.

"தெரியும். சொல்தா. அவரு பட்டாளத்துல சுட்டாரு. நீ வூட்டுப் பொம்பளயக் குத்தற. பேரன்னு வெளிய சொல்லாத, அவருக்கு அசிங்கம்."

அவள் வலது கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. ஓங்கவில்லை. செதில் ஒட்டிய கத்தியைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினாள். அவன் சட்டைப்பையிலிருந்து கட்டையை எடுத்துப் படியில் போட்டான். அவளைத் தாண்டி இறங்கும்போது இடது கையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஈரத்துணி சுவரில் அறைந்த சத்தம். கடைசி மூன்று படிகளை அவன் விழுந்து இறங்கினான்.

மின்சாரம் வந்தது. பாதியில் செத்த இன்ஸ்டால் எதற்கும் எழவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன், விரலில் தங்கை கட்டிய ஈரத்துணியோடு. கீபோர்டில் எண்டர் பொத்தான் இல்லை. அது இருந்த இடத்து ரப்பர் மொட்டைப் பேனா முனையால் அழுத்த வேண்டியிருந்தது. உங்கள் பெயர் என்ன என்று லினக்ஸ் கேட்டது. தங்கை என்னை நகரச் சொல்லிவிட்டு, ஞானஸ்நானத்தில் வைத்த தன் பெயரை மட்டும், ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

எழுந்தது. கோப்புறையில் பூட்டு இல்லை.

ஏன் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. நான் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. தொழிற்சாலைக்கு வந்து போகும் கம்ப்யூட்டர்காரர் பிறகு சொன்னார்: லினக்ஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். முதலில் பதிகிற ஆளுக்கு ஆயிரம், அடுத்த ஆளுக்கு ஆயிரத்தொன்று. அவன் ஆயிரமாக இருந்து பூட்டினான். புதிய லினக்ஸில் முதல் ஆள் என் தங்கை, ஆயிரம் அவளானாள். அவனுடையதெல்லாம் அவளுடையதாகிவிட்டது. இன்னொன்றும் சொன்னார். பென்டிரைவில் இருந்தபடியே ஒரே கட்டளையில் படங்களை எடுத்திருக்கலாமாம். இன்ஸ்டாலே தேவையில்லை. என் நகம் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

படங்கள் டிவியில் ஒவ்வொன்றாக வந்தன. தொடை. முதுகு. காதுக்குப் பின்னால். ஐந்து விரல் பதிந்த கழுத்து. ஜன்னல் வழியாக வந்த கடல் வெளிச்சம் டிவியில் விழுந்து, காயங்களுக்கு மேல் என் முகமும் தெரிந்தது. தங்கை சோபாவில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள்.

பக்கத்தில் இன்னொரு கோப்புறை இருந்தது. அவனுடையது. அதுவும் இப்போது திறந்தது.

அதிலும் படங்கள்தான். ஆண் முதுகு. வலது தோளுக்குக் கீழே, கூர்மையான முனையும் அகன்ற அடியுமாகச் சிவந்து கொப்பளித்த ஒரு முக்கோணம். இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"தூங்கிட்டிருந்தான்க்கா."

வாசலில் மீன்காரி ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, "ஐஸ் உருவிப்போச்சி, இன்னிக்கே ஆக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மௌஸை அந்தக் கோப்புறைமேல் கொண்டுபோனேன். அழிப்பதற்கு இப்போது யாருடைய அனுமதியும் வேண்டாம்.

"தூக்கிடவா?"

"வேணாம். அவன் போன்ல இன்னொண்ணு வச்சிருப்பான், எப்படியும் காட்டுவான். அதுக்கு முன்னால நானே காட்டுறேன். நான்தானே வச்சேன்."

"வக்கீலம்மா இன்னா சொல்லுவாங்களோ."

"சொல்லட்டும்."

மீனைக் குழம்பு வைத்துத் தின்றோம். அவள் மூன்று துண்டு தின்றாள். பிறகு சட்டையை இறக்கித் தோளெலும்பைக் காட்டினாள். நான் படம் எடுத்து அவளுடைய கோப்புறையில் சேர்த்தேன். லினக்ஸ் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை அவள் என் பருத்திப் புடவை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். என் இஸ்திரிப் பெட்டியைச் செருகிச் சூடாக்கினாள். விரலில் எச்சில் தொட்டுப் பார்த்தாள், சுர்ரென்றது. நான் அறை வாசலில் நின்றேன். குளிக்கப் போக வேண்டும், நேரமாகிக்கொண்டிருந்தது, போகவில்லை. முந்தானை, மடிப்பு, மறுபக்கம் என்று அவள் கை நிதானமாகப் போய்வந்தது.

"இன்னாக்கா பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றாமல், அது ஆறும்வரை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன்பிறகுதான் நான் குளிக்கப் போனேன்.