சீப்பு கேட்டவள்

எனக்கு அந்த நாளில் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது குறைந்துவிட்டது என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். நான் சொல்லப்போகும் காரியத்தைக் கெடுத்ததில் பாதிப் பங்கு அந்தக் கோபத்துக்கு உண்டு. மீதிப் பாதி ஒரு வார்த்தைக்கு.

அவருக்கு அந்தமானில், சாத்தம் மரமில்லில் வேலை. ராமநாதபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு, குவார்ட்டர்ஸில் இரண்டு ஆள் சமையலை முடித்தால் வேறு வேலை கிடையாது. கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சின்னச் சிப்பிகளை அடுக்கி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, ஒரு மயில் செய்தேன். பார்க்கக் கோழி மாதிரி இருந்தது. மூன்றாவது செய்தபோதுதான் மயிலானது. பிறகு படகு, பிள்ளையார். அடியில் பீடம் வைக்க, மில்லில் கழித்துப்போட்ட படாக் மரத்துண்டுகளை அவர் கேட்டு வாங்கி வருவார். வஜ்ஜிரம் காய்ச்சும் நாளில் வீடே நாறும்.

"கொழம்பு எது, பசை எதுன்னு தெரியாம முழுங்கிக்கிட்டிருக்கேன்" என்பார். ஆனால் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

வீட்டில் வைக்க இடமில்லாமல் போனதும் விற்கலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் ஜெட்டிக்குப் போகும் வழியில் துணியை விரித்து உட்கார்ந்தேன். முதல் மாதமே நாலு உருப்படி போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கிய நாலு பேரும் மில் ஆட்கள், இவர்தான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி அனுப்பியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று வீட்டில் பாத்திரங்கள் உருண்டன.

"ஒம் மொகம் வாடக்கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார் பாவம்.

எனக்கு அந்த இரக்கம் வேண்டியிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, இது எனக்கு வேண்டும் என்று தாமாகக் கேட்க வேண்டும். ஒரே ஒருவர் போதும். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு சிப்பிகளையெல்லாம் எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

தெற்குக் கோடியிலிருக்கும் கேம்பல் பேயில் குடியேற முன்னாள் ராணுவத்தார் குடும்பங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. தெற்கே போகிற கப்பல் வரும்வரை போர்ட் பிளேரில் தங்கியிருப்பார்கள். அவர்களில் ஒரு பஞ்சாபிப் பெண், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், என் துணிக்கு முன் வந்து குந்தினாள். அன்று என்னிடம் மயில்கள் மட்டுமே இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். அவள் ஊரில் மயில் வயலெல்லாம் திரியுமாம்.

"மோர் நஹீ. மா கே லியே சீப் கா குச் பனா தோ" என்றாள்.

மயில் வேண்டாம், அம்மாவுக்கு வேறு ஏதாவது செய்து கொடு. கூட வந்திருக்கும் தம்பி அடுத்த ஞாயிறு மெயின்லேண்ட் கப்பலில் ஊர் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்ப வேண்டும், அம்மா கடலையே பார்த்ததில்லை. இவ்வளவும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த 'சீப்' ஒன்றைத் தவிர.

இந்தத் தீவில் யார் பேச்சும் சுத்தம் கிடையாது. வங்காளிக் கடைக்காரர் என்னிடம் 'வாங்கோ' என்பார், நான் அவரிடம் உருளைக்கிழங்குக்கு 'ஆலு தோ' என்பேன். சிப்பிக்கு எல்லோரும் ஷெல் என்றுதான் சொல்வோம். ஆகவே அவள் 'சீப்' என்றதும், சீப்பைத்தான் எனக்காகத் தமிழில் சொல்கிறாள், கடைசி எழுத்து வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடலைப் பார்க்காத அம்மாவுக்குச் சீப்பு எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க படாக் மரத்தோடு மல்லுக்கட்டினேன். முறிந்த ரம்பத் தகட்டை வைத்துப் பல் அறுத்தேன். முதல் இரண்டு சீப்பும் கையோடு உடைந்தன.

"மரத்து ரேகைக்குக் குறுக்க அறுத்தா பல்லு எப்புடி நிக்கும்? ரேகையோட போ" என்றார் அவர். மரம் அறுக்கிறவர் சொன்னதைக் கேட்டேன். மூன்றாவது நின்றது. உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசியதும் சிவந்து மின்னியது. நான் செய்தவற்றில் அவ்வளவு அழகானது வேறில்லை.

ஞாயிறு ஜெட்டியில் அவளும் தம்பியும் பெட்டியோடு நின்றார்கள். காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தாள்.

"யே க்யா ஹை?"

"சீப்பு" என்றேன் பெருமையாக.

அவள் சீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் மூட்டையிலிருந்த ஒரு மயிலின் வாலில் விரலை வைத்து, "சீப்! யே சீப்!" என்று சிப்பியைக் காட்டினாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்தான். சுமை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"தும்தானே சீப்பு போலா!" நீதானே சொன்னாய் என்று கத்தினேன். அவள் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கினேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது கப்பல் ஊதியது. அப்போதுதான் உறைத்தது. மூட்டை நிறைய மயில்கள் இருந்தன. மயிலானாலும் சிப்பிதானே? ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தத் தம்பி வெறுங்கையோடு போயிருக்க மாட்டான். தானாக வந்து கேட்ட ஒரே ஒருத்தியை நானே விரட்டிவிட்டேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவரிடம் சொன்னபோது, எதற்கும் கேலி பேசுகிற மனிதர், மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தார்.

மறுநாள் காலை அவள் வாசலில் நின்றாள். ஜெட்டியில் விசாரித்து, மில் கேட்டுக்கு வந்து 'குஸ்ஸேவாலி மதராஸி' வீடு எது என்று கேட்டாளாம். கோபக்காரத் தமிழச்சி என்றதும் தயங்காமல் வழி காட்டியிருக்கிறார்கள். தலைக்குக் குளித்திருந்தாள். இடுப்புக்குக் கீழே ஈரமுடி தொங்கியது.

என்னிடமிருந்த மயில்களிலேயே நல்லதை எடுத்து நீட்டினேன். "மாஃப் கரோ. மா கே லியே" என்றேன். மன்னித்துவிடு, இது அம்மாவுக்கு என்று.

"மா கோ பாத் மே" என்று மயிலை ஒதுக்கினாள். அம்மாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"மேரா சீப்பு தோ."

வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தவள்போல அந்தக் கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னாள். நான் செய்த ஒன்றை, என்னுடையது, கொடு என்று ஒருத்தி கேட்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சீப்பை அவள் கையில் கொடுக்கவில்லை. தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்து, அந்த ஈரமுடியை நானே வாரிவிட்டேன்.