எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போடுவதற்குத் தவிர வேறு எதற்கும் காசு கொடுத்து வாங்காதவள் நான். பேய், பிசாசு, காத்துக் கருப்பு என்று யாராவது என் மாவு மில்லில் உட்கார்ந்து கதை அளந்தால், மிளகாய்த் தூசி பறக்கிற பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, தும்மியே எழுந்து ஓட விடுவேன். அப்படிப்பட்ட மில்லுக்காரி பாக்கியம்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் உங்கள் இஷ்டம், உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்போது மில் திண்டுக்கல் பேகம்பூரில் வாடகைக் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனாலும் மகன் அங்கே கடை வைக்கப்போகிறான் என்று சித்திரை முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எனக்குப் போக்கிடம் என்று இருந்தது, சாணார்பட்டி தாண்டி அப்பா என் பேருக்கு எழுதிவைத்த நிலம் ஒன்றுதான். கிணறு கிடையாது, கரண்ட் கிடையாது, கருவேல மரமும் செம்மண்ணும்தான். அங்கே ஒரு ஷெட் போட்டு மில்லைக் கொண்டுபோய் வைத்தால் பிழைத்தேன். இல்லையென்றால் மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, நிலத்தைக் கூடப்பிறந்த முருகேசன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்துத் தென்னந்தோப்பு அவருடையது, என் நிலத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"ஏத்தா, ஒத்தப் பொம்பள அந்தப் பொட்டக்காட்டுல என்னத்தத் தூக்கி நிறுத்தப் போற? பேசாம எனக்கு எழுதிக் குடுத்துட்டு வீட்டோட வந்து இரு" என்றார்.

"எனக்குப் பொழைக்கத் தெரியும்ணே. நீங்க உங்க தென்னயப் பாத்துக்கங்க" என்றேன்.

ஷெட் கட்ட முதலில் கரண்ட் வேண்டும். கலவை மெஷின் ஓட வேண்டும், கம்பி அறுக்க வேண்டும், வெல்டிங் அடிக்க வேண்டும். கட்டட வேலைக்கென்று கொடுக்கிற டெம்பரவரி சர்வீஸுக்கு எழுதிப் போட்டு, கரண்ட் ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கினேன். கம்பி நேரே வந்தால் அண்ணன் தோப்பு வழியாகத்தான் வர வேண்டும். என் மரத்து மேல் ஒயர் போகக்கூடாது என்று மறித்துவிட்டார். போங்கள் என்று வண்டிப்பாதையைச் சுற்றிக் கம்பம் நட வைத்துக் கொண்டுவந்தேன். கருப்பையா கொத்தனார் புது இடம் என்று தேங்காய் உடைக்க வந்தார், சட்னிக்கு ஆகும் என்று அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மில்லில் பல வருஷமாக வேலை பார்க்கிற ஒயரிங் அந்தோணிதான் செங்கல் தூண் கட்டி மீட்டர் பெட்டியை மாட்டினான். தூணுக்குக் கீழே குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினான்.

"அக்கா, இந்த எர்த் குழிக்குத் தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்திருங்க. எங்கயாச்சும் கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குள்ள எறங்கணும்ல? ஈரம் இல்லேன்னா எறங்காது, ஆளத்தான் தூக்கும்" என்றான்.

முதல் நாள் நான்தான் ஊற்றினேன். மறுநாள் எல்லோருக்கும் முந்திப் போய் இறங்கி, குடத்தை எடுத்துக்கொண்டு தூணுக்குப் போனால் குழி நனைந்து கிடக்கிறது. கரித்தண்ணீர் பளபளவென்று தேங்கி நிற்கிறது, பக்கத்தில் குடம் இறக்கி வைத்த மாதிரி மண்ணில் வட்டமாக ஒரு தடம். அந்த வட்டாரத்தில் தண்ணீர் என்றால் லாரியில் வாங்கி நான் டிரம்மில் வைத்திருப்பதுதான். ஆடு மேய்க்கிறவர்கள் மொண்டுவிடுகிறார்கள் என்று அதற்கும் பூட்டு. பூட்டு பூட்டியபடி, தண்ணீர் மட்டம் இருந்தபடி இருந்தது. கொத்தனாரைக் கேட்டேன், ஆட்களைக் கேட்டேன், யாரும் இல்லை என்றார்கள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆட்கள் என் காதுபடவே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். என்னைப் பயமுறுத்தி விரட்ட அண்ணன் செய்கிற வேலை என்று நினைத்து, நேரே அவர் வாசலில் போய் நின்று கத்தினேன்.

"என்னண்ணே, பூச்சாண்டி காட்டுறீங்களா? நான் என்ன பச்சப் புள்ளயா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எம் புள்ள மேல சத்தியமா அந்தப் பக்கம் நான் வரலத்தா. அங்க என்னமோ இருக்கு, வித்துரு."

"இருந்தா இருந்துட்டுப் போகுது. பட்டா எம் பேர்லதான இருக்கு!"

மறுநாள் பால் வண்டியில் ஏறி, விடிகிறபோதே போய் இறங்கிவிட்டேன். குழியைக் கையால் தொட்டுப் பார்த்தேன், புழுதியாகக் காய்ந்து கிடந்தது. எதிரே சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது, எங்கேயோ மயில் கத்துகிறது, கண்ணுக்கு எட்டிய தூரம் ஆள் நடமாட்டம் இல்லை. அப்போது கேட்டது. நிறைகுடத்தைச் சாய்க்கும்போது வருமே, களக் களக் என்று, அந்தச் சத்தம். குடமும் இல்லை, கையும் இல்லை, விழுகிற தண்ணீரும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் என் கண் முன்னாலேயே குழி மண் கறுத்து நனைந்துகொண்டு வருகிறது.

"எவன்டா அது?" என்று எழுந்து ஓடிப்போய் அந்தக் குழி மேலேயே ஏறி நின்றேன். இரண்டு பாதத்திலும் தண்ணீர் விழுந்தது. சித்திரை வெயில் காலத்தில் அப்படி ஒரு சில்லிப்பு, எலும்பு வரைக்கும் ஏறியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், பயந்துதான் போனேன். ஆனால் வாய் நடுங்கவில்லை.

"நீ யாரா வேணும்னாலும் இரு. எனக்குப் போக வேற எடம் இல்ல. நான் இங்கனதான் இருப்பேன், உன்னால ஆனதப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பத்து மணி வாக்கில் கருப்பையா கலவை மெஷினைத் தொட்டவர் "ஆத்தாடி" என்று அலறி மல்லாக்க விழுந்தார். கரண்ட், கரண்ட் என்று ஆட்கள் சிதறி ஓடினார்கள். நல்லவேளை, அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு இருந்த எரிச்சலில், வேலையை நிறுத்த எல்லோரும் சேர்ந்து போடுகிற நாடகம் என்றுதான் தோன்றியது. "எங்கய்யா கரண்ட் அடிக்குது?" என்று போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வெறுங்கால், அதுவும் கலவைத் தண்ணீரில். எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரு சுருக் கூட இல்லை.

அந்தோணி பைக்கில் பறந்து வந்தான். மெஷினிலிருந்து குழிக்குப் போகிற எர்த் ஒயர் கழன்று கிடந்தது. மெஷின் உடம்புக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பல்பை வைத்துக் காட்டினான், கண் கூசுகிற மாதிரி எரிந்தது.

"இதையாக்கா தொட்டீங்க?" என்றான். நான் தலையாட்டினேன். மெயினை அணைத்துவிட்டு ஒயரை முறுக்கினான், மறுபடி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒயரைச் சரி செய்த பிறகும் கலவை மெஷினைத் தொட ஒருத்தரும் வரவில்லை. விட்டேனா? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நானே ஓட்டினேன். ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் நானே கொட்டினேன். ஒரு பொம்பளை நிற்கிறாளே என்ற ரோஷத்தில் கருப்பையாவும் ஆட்களும் மெல்லத் திரும்பி வந்தார்கள். அன்றைக்குப் பிறகு குழி தானாக நனையவில்லை, நானேதான் ஊற்றினேன். சித்திரை முடிவதற்குள் ஷெட் நின்றது, மெஷின்கள் வந்து இறங்கின. பிறகு மில் ஓடத் தொடங்கியதும் அண்ணனே தன் வீட்டு மிளகாயைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். எனக்கு அது போதும்.

மில் ஓடுவதற்கு நிரந்தர இணைப்பு கொடுத்த அன்று அந்தோணி ஏணி மேல் இருந்தபடி ஒரு டெஸ்டரை என் கையில் கொடுத்தான்.

"போர்டுல கரண்ட் வந்திருச்சான்னு பாருங்கக்கா."

மில் நடத்துகிறவளுக்கு டெஸ்டர் பிடிக்கத் தெரியாதா? போர்டில் செருகி, அதன் தலையில் விரலை வைத்தேன். உள்ளே இருக்கிற குட்டி பல்பு எரியவில்லை. "வரலடா" என்றேன். அவன் இறங்கி வந்து வாங்கி வைத்தான், எரிந்தது. என் கைக்கு வந்தால் அணைகிறது, அவன் கைக்குப் போனால் எரிகிறது. திண்டுக்கல்லில் ஒரு கடையில் பிடித்துப் பார்த்தேன், அண்ணன் வீட்டில் பிடித்துப் பார்த்தேன், என் கையிலும் நன்றாக எரிந்தது. அந்தத் தண்ணீர் என் காலில் விழுந்த என் நிலத்துக்குள் மட்டும்தான் எரிவதில்லை.

"அது ஏண்டா அப்படி?" என்று அந்தோணியைக் கேட்டேன்.

"நம்ம ஒடம்பு வழியாக் கொஞ்சூண்டு கரண்ட் தரைக்குப் போகும்க்கா, அதுனாலதான் டெஸ்டர் எரியும். தரையில கால் பாவி நிக்கிற ஆளுக்கு எரியணும்."

"அப்ப நான் எதுலடா நிக்கிறேன்?"

அவன் டெஸ்டரை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். எதில் நின்றால் என்ன, மில் ஓடுகிறது, நான் இங்கேதான் இருக்கிறேன், இனியும் இருப்பேன். ஆனால் ஆட்கள் போன பிறகு, ஷட்டரை இறக்குவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலை மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, இன்றைக்காவது எரிகிறதா என்று ஒரு தடவை பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.