தங்கக் கோடு சுற்றிய முகம்

கல்யாண வீடியோவில் பொன்னிற எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து நின்றால் இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். தொண்ணூறுகளின் கடைசி மூன்று வருடம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் உட்கார்ந்து அந்தக் கண்றாவியை நானேதான் செய்துகொண்டிருந்தேன். அந்த வட்டாரத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகளை இதய வடிவத்துக்குள் பிடித்துப் போட்டவன் நான்.

அதற்கு எங்கள் ஊரில் கிராபிக்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டர் திரை நான்காகப் பிரிந்திருக்கும். ஒன்றில் பொருளை மேலிருந்து பார்க்கலாம், ஒன்றில் முன்னாலிருந்து, ஒன்றில் பக்கவாட்டில். நான்காவதில் தெரிவதுதான் படத்தில் வரும். ஒரு கோடு வரைந்து, அதன் வழியே ஒரு சின்ன வட்டத்தை ஓடவிட்டால் கோடு குழாயாகிவிடும். குழாய்க்குத் தங்கப் பூச்சு கொடுத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளரவிட்டால், யாரோ காற்றில் தங்கத்தால் எழுதிக்கொண்டு போவது போலத் தெரியும். முதல் தடவை அது ஓடியபோது எனக்குப் புல்லரித்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு நிமிடம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் மென்று துப்ப நாலைந்து நிமிடம் ஆகும். நடுவில் கரண்டு போனால் அவ்வளவும் போச்சு. அதனால் ஒரு தடவை செய்த சுழற்சியையே எல்லோர் தலையிலும் கட்டுவோம். மேலப்பாளையத்து நிக்காஹுக்கும் கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துக் கல்யாணத்துக்கும் அதே இரண்டு மோதிரம்தான் பறந்து வந்து கோத்துக்கொள்ளும். யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

ஸ்டூடியோ முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். சுண்ணாம்பு தடவிய விரலாலேயே மானிட்டரைத் தொட்டுக் காட்டிப் பேசுவார். காலையில் வந்ததும் என் முதல் வேலை அந்தத் தீற்றலைத் துடைப்பது. அவருக்கு ஒரு கொள்கை உண்டு.

"ஏலே, சும்மா நின்னா அது போட்டோ. ஆடுனாத்தான் வீடியோ."

கேமராவும் அப்படித்தான் பிடிப்பார். தாலி கட்டுகிற நேரத்தில்கூட முகத்துக்குப் பக்கத்தில் போவார், திரும்பி வருவார், மறுபடி போவார். முழு கேசட்டையும் பார்த்து முடித்தால் பஸ்ஸில் மலையேறி வந்தவன் மாதிரி தலை சுற்றும்.

பிள்ளைகள் வெளிநாட்டிலோ கப்பலிலோ இருக்கிற வீடுகளில் துட்டிக்கும் வீடியோ எடுப்பது அப்போது வழக்கம். சாவு வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்றுதான் சொல்வோம். அடக்கத்துக்கு வந்து சேர முடியாதவனுக்குக் கேசட்டாவது போய்ச் சேரட்டும் என்று எடுப்பார்கள். திசையன்விளைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வயதான அம்மா ஒருவர் தவறிப்போக, அண்ணாச்சி போய் எடுத்துவிட்டு வந்தார். மறுநாளே அந்த அம்மாவின் மகள் ஸ்டூடியோவுக்கு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. படியேறி வந்த மூச்சு அடங்குமுன் என்னிடம் சொன்னார்.

"என் கூடப்பொறந்தவன் கப்பல்ல இருக்கான் தம்பி. ஒரே ஆம்பளப் புள்ள. மண்ணு போடக்கூட வர முடியல அவனுக்கு. இந்தக் கேசட்லதான் அம்மா மொகத்தப் பாக்கணும். கொஞ்சம் பாத்துச் செஞ்சு தாங்க."

பாத்துச் செய்கிறேன் என்றேன். செய்தேன், நாசமாகப் போன கை.

அவர் போனதும் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் அந்த அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது ஒரே இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் ஆட்களின் முதுகு, மாலை, குடை, அண்ணாச்சியின் போக்குவரத்து. பெட்டியை மூடுவதற்கு முன்னால் மட்டும், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவர் வெற்றிலை போடப் போயிருக்கிறார். அந்த நாற்பது நொடி படம் ஆடவில்லை. அந்த அம்மா நேராகப் படுத்திருந்தார். கையில் குருசு என்கிற சின்னச் சிலுவை. இடது கண் மட்டும் பாதி திறந்து, உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் தெரிந்தது.

"இத எடுத்துக் கிராபிக்ஸ்ல போட்ருலே," என்றார் அண்ணாச்சி. "இத அப்படியே விட்டா வீடியோக்காரன் தூங்கிட்டான்னு சொல்லுவானுவோ. மொகத்தச் சுத்த விடு."

துட்டி வீடியோவில் எதற்கு அண்ணாச்சி இதெல்லாம் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் எள் என்றால் நான் எண்ணெயாக நிற்கிறவன். அதோடு, எனக்கும் ஆசை இருந்தது. அதுவரை மோதிரத்தையும் இதயத்தையும் உருட்டிக்கொண்டிருந்தவனுக்குப் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது.

அந்த நாற்பது நொடியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிராபிக்ஸ் வைக்க எட்டு நாள் அதிலேயே கிடந்தேன். குருசின் அடியிலிருந்து தங்கக் கோடு ஒன்று கிளம்பி, கொடி போல வளைந்து, முகத்தை மூன்று சுற்றுச் சுற்றும். முகம் கனசதுரத்தின் ஆறு பக்கத்திலும் வரும். கனசதுரம் உடைந்து உருண்டையாகும். முகத்தை உருண்டையின் மேல் ஒட்டினால் மூக்கு புடைக்கும், காது இரண்டும் பின்னால் இழுபடும். இழுபட்டதை எப்படிச் சரிசெய்வது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். அது செத்துப்போன ஒரு தாயின் முகம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. மேலே ஒட்டுகிற காகிதம், அவ்வளவுதான்.

உருண்டை சுழலும்போது அந்த இடது கண் மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு சுற்றுக்கும் வெள்ளைப் புள்ளி ஒன்று பளிச்சென்று வந்து போனது. படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கன்னத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணின் மேல் ஒட்டினேன். இமை மாதிரி ஒரு கோடு இழுத்தேன். கால் மணி நேர வேலை. அண்ணாச்சியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்கிற விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

மகள் வந்து டிவியில் பார்த்தார். முகம் சுழல ஆரம்பித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீரில் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. "மெட்ராஸ்ல கூட இப்படி எவனும் செய்ய மாட்டான்," என்று அண்ணாச்சி பின்னாலிருந்து பெருமை பேசினார். மகள் கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எங்கள் தொழிலில் கேமராவில் எடுத்த மூலக் கேசட்டை வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. வேலை முடிந்தால் அதன் மேலேயே அடுத்த விசேஷத்தை எடுத்துவிடுவோம். கம்ப்யூட்டரிலும் இடம் கிடையாது. ஒன்றை அழித்தால்தான் இன்னொன்றை ஏற்றலாம். அந்த வாரமே இரண்டும் நடந்தது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் மகன் வந்தான். என் வயதுதான் இருக்கும். வெயிலில் கறுத்த முகம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"கேசட் பாத்தேன் அண்ணே. அம்மா நிக்காம சுத்திக்கிட்டே இருக்காவ. ஒரு எடத்துல நிறுத்திப் பாக்கணும்னு இருக்கு. எடுத்த கேசட் இருந்தா ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, போதும்."

அலமாரியில் தேடி எடுத்துப் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது. நாதஸ்வரம், காரில் பூ, மண்டபத்தில் பன்னீர். அவன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியிலாவது ஏதாவது மிச்சம் இருக்குமா என்று ஓட்டிப் போனேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்து படம் ஒரு வெட்டு வெட்டியது. அந்த அம்மாவின் அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரும் ஆட்களின் கால்கள் கொஞ்ச நேரம் தெரிந்தன. அதோடு கேசட் முடிந்தது. அண்ணாச்சி கூச்சமே இல்லாமல் சொன்னார்:

"அதனால என்ன வே, வீட்ல பழைய போட்டோ இருந்தாத் தாரும். இதவிடப் பெருசாச் சுத்த விட்டுருவோம்."

எனக்கு அவர் வாயையும் அந்த வெற்றிலையையும் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பையன் அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"நீங்க கிட்ட வச்சுப் பாத்திருப்பிய அண்ணே. அம்மாவுக்குக் கண்ணு மூடியா இருந்துச்சு?"

தாயைப் பறிகொடுத்தவனுக்கு நிம்மதி தருகிற பதில் எதுவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் அந்தக் கண்ணை மூடிய காரியமும் வெளியே தெரியாமல் போகும்.

"மூடித்தான் இருந்துச்சு தம்பி. தூங்குத மாதிரி."

அவன் டிவியின் நீலத் திரை பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"எடது கண்ணு மூடவே இல்ல, ஒன்னத் தேடிக்கிட்டேதாம்ல போனாவன்னு அக்கா போன்ல சொன்னா. கப்பல்ல எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். கேசட்ல பாத்தா மூடியிருக்கு. நீங்களும் மூடியிருந்துச்சுன்னு சொல்லுதிய. அப்ப அக்கா என் மனசுக்காவச் சும்மா சொல்லியிருக்கா."

உன் அக்கா சொன்னதுதான் நிஜம், கண்ணை மூடியது நான்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவன் என்னை அடித்திருப்பான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கேசட்டை வெளியே எடுத்து உறையில் போட்டேன். அண்ணாச்சியை எவ்வளவு திட்டினாலும், அந்தக் கண் என் கைவேலை, அந்தப் பொய்யும் என்னுடையது.

"வாரேன் அண்ணே," என்று கும்பிட்டுவிட்டு அவன் படியிறங்கினான். இருபத்துமூன்று படி. கடைசிப் படி வரைக்கும் கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.